யுரேனிய மீக்கடத்தியின் வரைபடத்தைப் படிக்கும் முறை

மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்தலைக் காந்தம் கெடுக்கும் என்றுதானே படித்தோம், அப்புறம் யுரேனியச் சேர்மங்களில் இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கின்றன? குறைவெப்பநிலை இயற்பியலுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் என்னிடம் இதைத்தான் கேட்பார்கள். கோட்பாட்டில் தொடங்கினால் அரை மணியில் குழம்பிவிடுவார்கள். அதனால் ஒரு வரைபடத்தை அச்செடுத்து, ஸ்கேலும் பென்சிலும் தந்து உட்கார வைப்பேன். யுரேனியம்-ரோடியம்-ஜெர்மானியம் படிகத்தில் பிரான்சின் கிரெனோபிள் குழு கண்டு 2005இல் வெளியிட்ட காந்தப்புலம்–வெப்பநிலை வரைபடம் அது.

முதலில் புலம் எந்த அச்சு வழியே செலுத்தப்பட்டது என்று பாருங்கள். படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் படத்திலேயே முக்கியமான எழுத்து. இந்தப் படிகம் 9.5 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோகாந்தம், அதாவது இரும்பைப் போலத் தானாகவே காந்தமாகும் பொருள். யுரேனிய அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள், அதாவது அணு அளவுச் சிறு காந்தங்கள், படிகத்தின் ஏ, பி, சி என்ற மூன்று அச்சுகளில் சி-அச்சு வழியே அடுக்கி நிற்கின்றன. 0.25 கெல்வினில், அந்தக் காந்தம் அப்படியே இருக்கும்போதே, மின்தடை பூஜ்யமாகிறது. நம் படத்தில் புலம் பி-அச்சு வழியே போகிறது, அதாவது திருப்புத்திறன்களுக்குக் குறுக்கே.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையை, அதாவது மாறுநிலை வெப்பநிலையை, 1.84ஆல் பெருக்குங்கள். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தே ஓடுகின்றன. சாதாரண மீக்கடத்தியில் எதிரெதிர் ஸ்பின் (எலக்ட்ரானின் உள்ளார்ந்த சிறு காந்தத் திசை) கொண்ட எலக்ட்ரான் ஜோடியைப் புலம் பிரித்துவிடும் எல்லை, டெஸ்லாவில், தோராயமாக அதுதான். 0.25க்குக் கிடைப்பது 0.46 டெஸ்லா. அந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டி 2 டெஸ்லா வரை மீக்கடத்தல் நிற்கிறது. ஜோடியின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே திசை ஸ்பின் கொண்டவை என்ற ஊகம் இங்கிருந்தே வலுக்கிறது. அப்படிப்பட்ட ஜோடியைப் புலம் அந்த வழியில் பிரிக்க முடியாது.

இப்போது படத்தில் மீக்கடத்தலின் எல்லைக் கோட்டை வலப்பக்கம் தொடருங்கள். 2 டெஸ்லாவில் மீக்கடத்தல் மறைகிறது. 8 டெஸ்லாவில் திரும்ப வருகிறது! 13 டெஸ்லா வரை இருந்துவிட்டுப் போகிறது. நடுவே மாறுநிலை வெப்பநிலை 0.4 கெல்வின் வரை ஏறுகிறது. புலமே இல்லாதபோது இருந்ததைவிட இது அதிகம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையாத இடம் இது.

ஏன் அங்கே? சுமார் 12 டெஸ்லாவில், சி-அச்சில் நின்ற திருப்புத்திறன்கள் பி-அச்சுக்குத் திரும்புகின்றன. இரு தட்டும் சமமாகும் நேரத்தில் தராசு முள் சிறு காற்றுக்கும் ஆடுவது போல, திரும்பும் விளிம்பில் காந்த அலைவுகள், அதாவது திருப்புத்திறன்களின் ஆட்டம், பெரிதாகின்றன. எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கும் பசை அந்த அலைவுகள்தான் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆகவே பென்சிலால் இரண்டு இடங்களைக் குறியுங்கள்: காந்த மாற்றம் நடக்கும் புலம், மீக்கடத்தல் உச்சம் தொடும் புலம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காந்தம் இங்கே துணை நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். படிகம் எவ்வளவு துல்லியமாகப் பொருத்தப்பட்டது என்றும் தேடிப் படியுங்கள். பி-அச்சிலிருந்து சி பக்கம் சில பாகைகள் சாய்ந்தாலே திரும்பி வந்த மீக்கடத்தல் போய்விடும்.

பசை பற்றிய இந்த விளக்கத்துக்கு என்னை மிகவும் நம்ப வைத்த ஆதாரம் கோபால்ட் சேர்மத்திலிருந்து வந்தது. யுரேனியம்-கோபால்ட்-ஜெர்மானியம் 3 கெல்வின் அளவில் ஃபெர்ரோகாந்தம், 0.6 கெல்வினில் மீக்கடத்தி. கியோட்டோ குழு 2012இல் வெளியிட்ட அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (அணுக்கருக்கள் வழியே படிகத்தின் உட்காந்தத்தை அறியும் முறை) அளவீடுகளில் அலைவுகள் சி-அச்சு வழியே மட்டும் வலுவாக இருந்தன. சி-அச்சில் புலம் கொடுத்தால் அலைவுகள் அடங்குகின்றன, கூடவே மீக்கடத்தலும் 1 டெஸ்லாவுக்குள் அடங்குகிறது. குறுக்கே கொடுத்தால் 10 டெஸ்லாவைத் தாண்டியும் நிற்கிறது. பசையைக் குறைத்தால் ஒட்டுவதும் குறைகிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் அளவீடு அபூர்வம்.

கிடை அச்சில் புலத்துக்குப் பதில் அழுத்தம் இருந்தால் அவசரப்படாதீர்கள். 2000இல் அறிவிக்கப்பட்ட யுரேனியம்-ஜெர்மானியம் சேர்மத்தில் ஃபெர்ரோகாந்தம் மறைவது சுமார் 1.6 கிகாபாஸ்கலில். ஆனால் மீக்கடத்தல் உச்சம் தொடுவது அங்கே இல்லை, 1.2இல், திருப்புத்திறன் ஒரு படி இறங்கும் இடத்தில். ஃபெர்ரோகாந்தம் போனால் மீக்கடத்தலும் போகிறது.

யுரேனியம் டைடெல்லுரைடு என்ற இன்னொரு மீக்கடத்தியின் வரைபடம் கையில் வந்தால், அது எந்த ஆண்டு வெளியானது, படிகம் எப்படி வளர்க்கப்பட்டது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். முதல் படிகங்களில் மாறுநிலை 1.6 கெல்வின், 2022இல் ஜப்பானின் தொக்காய் ஆய்வுக்கூடத்தினர் உருகிய உப்பில் வளர்த்தவற்றில் 2.1. ஆரம்பத்தில் சில படிகங்களில் இரண்டு வெப்பநிலைகளில் தெரிந்த இரட்டை மீக்கடத்தல் மாற்றம் நல்ல படிகங்களில் ஒன்றாகிவிட்டது. காந்த ஒழுங்கு எதுவும் இல்லாததால், ஃபெர்ரோகாந்தமாகும் விளிம்பில் நிற்பதாகக் கருதி, இதை ஃபெர்ரோகாந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை என்று முதலில் நினைத்தார்கள். நியூட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கும் நியூட்ரான் சிதறலில் தெரிந்ததோ எதிர்ஃபெர்ரோகாந்த வகை அலைவுகள், அதாவது அடுத்தடுத்த திருப்புத்திறன்கள் எதிரெதிராக நிற்கும் வகை.

இங்கேயும் பி-அச்சில் 35 டெஸ்லா வரை மீக்கடத்தல் கோடு போகும். அங்கே திருப்புத்திறன் திடீரெனத் தாவும், மீக்கடத்தல் நிற்கும். புலத்தைப் பி-அச்சிலிருந்து சி பக்கம் 20 முதல் 40 பாகை வரை சாய்த்தால் 40 டெஸ்லாவுக்கு மேலே அது மறுபடி தோன்றுகிறது, காந்தத் தாவல் முடிந்த பிறகு. ரோடியம் சேர்மத்துக்குச் சொன்ன விளக்கம் இதற்கு அப்படியே பொருந்தாது. இந்தப் பகுதியைத் தனி நிறத்தில் குறித்துவைத்து, சாய்வுக் கோணத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.