மியூஸ்கோரில் தண்டுகள் தலைகீழானால்

மியூஸ்கோர் என்பது இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள். ஐந்து கோடுகளில் நடுக்கோட்டுக்குக் கீழுள்ள சுரங்களுக்குத் தண்டு (சுரத்தலையோடு ஒட்டிய செங்குத்துக் கோடு) மேல்நோக்கி நிற்க வேண்டும். என் ஸ்கோரில் 4 பார் (தாள அளவு) முழுக்கத் தண்டுகள் கீழே தொங்கின. எக்ஸ் விசையால் ஒவ்வொன்றாகத் திருப்பியது வீண்வேலை. சுரங்கள் வாய்ஸ் 2-இல், அதாவது அதே கோடுகளில் தனியாக எழுதப்படும் இரண்டாம் குரலில், ஏறியிருந்ததுதான் காரணம். அதற்குத் தண்டு எப்போதும் கீழே. மேலே மிதந்த தேவையற்ற ரெஸ்ட்தான் (மௌனக் குறி) காட்டிக்கொடுத்தது. பார்களைத் தேர்ந்தெடுத்து, டூல்ஸ், வாய்ஸஸ் வழியே வாய்ஸ் 1-ஐயும் 2-ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். மிஞ்சிய வாய்ஸ் 2 ரெஸ்ட்களை டெலீட் விசையால் நீக்கினேன்.

தண்டுகளை இணைக்கும் தடித்த கோடான பீமைக் கையால் இழுத்திருந்தால், பிறகு சுரத்தை மாற்றினாலும் சாய்வு பழையபடியே நிற்கும், தண்டுகள் குட்டையாகலாம். கன்ட்ரோல்+ஆர் அழுத்தினால் இயல்புக்குத் திரும்பும். தண்டின் வழக்கமான நீளம் 3.5 ஸ்பேஸ் (அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி). 6/8 தாளத்தில் எட்டிலொரு சுரங்கள் மூன்று மூன்றாகச் சேராவிட்டால் பீம் பேலட்டில் பிரிப்பதைவிட, தாளக்குறியின் ப்ராப்பர்ட்டீஸில் திருத்துவதே மேல்.