சமையல்ல வைட்டமின் சி வீணாகாம சாப்பிடறது எப்படி?

ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யை ஈரல்லயே தயார் பண்ணிக்கும், நமக்கு அந்த வசதி இல்ல, சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும், அதுவும் தண்ணில கரையற சத்துங்கறதால மிச்சமானது யூரின்ல போயிடும். அதனால தினமும் வேணும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்ற அளவு ஒரு நாளைக்கு ஆம்பளைங்களுக்கு 80 மில்லிகிராம், பொம்பளைங்களுக்கு 65, பால் குடுக்கற அம்மாக்களுக்கு இன்னும் அதிகம். இது கிடைக்காம போனா தோல், ஈறெல்லாம் உறுதியா இருக்க உதவற கொலாஜன்ங்கற புரதம் சரியா உருவாகாது, ஈறு வீங்கி ரத்தம் வரும், புண்ணு ஆற லேட்டாகும், ஸ்கர்வின்னு சொல்றது இதத்தான்.

சரி, கிச்சனுக்கு போவோம்.

ஸ்டெப் 1: சரியானத வாங்குங்க. கொய்யாப்பழம் 100 கிராம்ல 200 மில்லிகிராமுக்கு மேலயே இருக்கு, ஒரு நடுத்தர பழம் சாப்பிட்டா அன்னைக்கு வேலை முடிஞ்சது. அதே எடை ஆரஞ்சுல சுமார் 50தான், ஆனா ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்கப் போறப்போ நாம ஆரஞ்சுதான் வாங்கறோம்! நெல்லிக்காயும் சூப்பர், பெரிய நெல்லிய சொல்றேன், அரநெல்லில ரொம்ப கம்மி.

ஸ்டெப் 2: கழுவிட்டு நறுக்குங்க. நறுக்கிட்டு தண்ணில ஊறப்போட்டா சத்து தண்ணியோட போயிடும். காலைல சமைக்க ராத்திரியே நறுக்கி வைக்கறதும் வேண்டாம், காத்து பட்டாலும் குறையும்.

ஸ்டெப் 3: தினம் ஒண்ணாவது பச்சையா. சூடு பட்டாலே வைட்டமின் சி குறையும், அதனால இந்த நெல்லிக்காய் பச்சடிய பழகிக்கோங்க. மூணு நெல்லிக்காய கொட்டை நீக்கி, ரெண்டு ஸ்பூன் தேங்காய், ஒரு பச்சமிளகா, கொஞ்சம் சீரகம், உப்பு சேத்து அரைச்சு ஒரு கப் கெட்டித் தயிர்ல கலக்குங்க. கடுகு, கறிவேப்பில தாளிச்சு, அது ஆறினதுக்கு அப்பறமா கொட்டுங்க. துவர்ப்பு தூக்கலா இருந்தா இன்னும் கொஞ்சம் தேங்காய். பச்சடிய அடுப்புல வைக்கவே வேண்டாம்.

ஸ்டெப் 4: எலுமிச்சம்பழம் கடைசில. லெமன் சாதமோ கீரையோ, அடுப்ப அணைச்சு சூடு கொஞ்சம் தணிஞ்சதும் பிழியுங்க, கொதிக்கறப்போ பிழிஞ்சா கசக்கவும் செய்யும். ஒரு மூடில கிடைக்கற வைட்டமின் சி கொஞ்சம்தான், ஆனா கீரை, பருப்புல இருக்கற இரும்புச்சத்த உடம்பு இழுத்துக்க இது நல்லா உதவும். ரத்தசோகை இருக்கற பொண்ணுங்க எத்தன பேரு நம்ம வீடுகள்ல இருக்காங்க, அவங்க தட்டுல முருங்கக்கீரை வைக்கறப்போ கூடவே அர மூடி எலுமிச்சையோ நாலு துண்டு கொய்யாவோ கண்டிப்பா வையுங்க. சாப்பிட்ட கையோட டீ, காபி மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து உள்ள போறத அது தடுக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு குடிச்சுக்கலாம்.

மாத்திரை? தினமும் பழம் சாப்பிடறவங்களுக்கு பொதுவா தேவைப்படாது. அத முழுங்கினா சளியே பிடிக்காதுங்கறதும் சரியில்ல, ரெகுலரா எடுக்கறவங்களுக்கு சளி கொஞ்சம் சீக்கிரம் விடும், அவ்வளவுதான். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமத் தாண்டவே கூடாது, வயித்தால போகும். கிட்னில கல்லு இருந்தவங்க, தலசீமியா மாதிரி உடம்புல இரும்பு சேர்ற பிரச்சனை உள்ளவங்க டாக்டரக் கேக்காம மாத்திரைய தொடாதீங்க. ஈறுல ரத்தம் வந்துட்டே இருந்தா பல் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, பெரும்பாலும் அது ஈறு நோயாத்தான் இருக்கும்.