அந்த அம்மாவை மைக் முன்னால் நிறுத்துவதற்கு முன்

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் நம் ஆட்களுக்குத் தன்னார்வ வேலையில் ஆர்வம் கூடியிருக்கிறது. கம்பெனி வாலண்டியர் நேரம் கொடுக்கிறது, பிள்ளைக்கு ஹைஸ்கூலில் சேவைக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது, சிலருக்கு உண்மையாகவே மனசு கேட்பதில்லை. எந்தக் காரணமானாலும் வரட்டும். சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கமிருந்து கிழக்கு சான் ஹோசேவுக்கு வந்து, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து வம்சாவளியான லத்தீனோ பெற்றோர்களோடு உட்கார்ந்து பள்ளிக்கூடம், உரிமை, நீதி என்று பேச ஆரம்பிக்கிறார்கள். வருஷா வருஷம் அதே இடங்களில் வழுக்கி விழுகிறார்கள்.

கூகுளை நம்பி ஸ்பானிஷ் நோட்டீஸ் அடிப்பது, வேலைநாள் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வைப்பது, டாக்கோ வாங்கி வைத்தால் ஆள் சேரும் என்று நினைப்பது, இதெல்லாம் ஒரு தடவை காலி நாற்காலிகளைப் பார்த்தால் தானாகத் திருந்திவிடும். திருந்தாமல் தொடர்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

விழிப்புணர்வு ஊட்டப் போவது

"கல்வியின் முக்கியத்துவம்" என்று ஸ்லைடு போட்டுக்கொண்டு ஒரு தம்பி வந்தார். பின்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்களே, அன்று வெளியே வந்தவர்களில் அவரும் ஒருவர். ஸ்பானிஷ் பேசினால் தண்டிப்பதை நிறுத்து, எங்கள் வரலாற்றைப் பாடத்தில் வை, எங்கள் ஆட்களை ஆசிரியராகப் போடு என்று கேட்ட போராட்டம் அது. சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர் உட்பட 13 பேர் மீது சதி வழக்குப் போட்டார்கள். 1970இல் அந்த வழக்கு விழுந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த மனிதருக்குத்தான் கல்வி முக்கியம் என்று நம் தம்பி அரைமணி நேரம் விளக்கினார்.

இவர்கள் பள்ளிக்காகக் கோர்ட் படி ஏறியது அதற்கும் வெகு முன்னால். ஆரஞ்சு கவுன்டியில் மெக்சிகப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு ஒதுக்கியதை எதிர்த்து மெண்டஸ் குடும்பமும் இன்னும் நான்கு குடும்பங்களும் 1945இல் வழக்குப் போட்டன. 1947இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன, நாடு முழுக்கப் பேசப்படும் பிரவுன் தீர்ப்பு வந்ததே 1954இல்தான். மெண்டஸ் குடும்பம் அப்போது குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த நிலம், போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்துடையது. பே ஏரியாவிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கிழக்கு சான் ஹோசேவில் நாம் கூட்டம் போடும் மேஃபேர் பகுதியும் லேசுப்பட்ட இடமில்லை. மழை வந்தால் சேற்றில் கால் புதைந்த அந்தத் தெருக்களுக்கு அன்று சால் சி புவேதேஸ், அதாவது 'முடிந்தால் வெளியேறு' என்று பெயர். மக்களை அமைப்பாகத் திரட்டும் ஃப்ரெட் ராஸ் 1952இல் அங்கே வீடு வீடாகக் கூட்டம் நடத்தித்தான், பின்னால் பண்ணைத் தொழிலாளர் தலைவரான சீசர் சாவேஸைக் கண்டெடுத்தார். மேடை, ஸ்லைடு எதுவும் கிடையாது. ஒருவர் வீட்டுக்கூடம், அக்கம்பக்கத்து ஏழெட்டுப் பேர், காபி, பேச்சு. கிளம்பும்போது அவர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தைத் தன் வீட்டில் வைக்க ஒப்புக்கொள்வார். இன்றைக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

ஸ்பானிஷ் ஆள் இருந்தால் போதும் என்பது

மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பலருக்கு வீட்டு மொழி மிக்ஸ்டெகோ, த்ரிகி, சபோடெகோ. குவாத்தமாலாவிலிருந்து ஓக்லாந்துக்கு வந்தவர்களில் ஏராளமானோர் மாம் என்ற பழங்குடி மொழி பேசுகிறவர்கள். ஸ்பானிஷ் இவர்களுக்கு ஓரளவு புரியும், கடை கண்ணிக்குப் போதும். பள்ளி நிதி பற்றிய கூட்டத்துக்குப் போதாது. புரியவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏனென்றால் ஸ்பானிஷ் பேசும் மெக்சிகர்களே அவர்களைக் கேலி செய்த பழைய காயம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் பள்ளிப் பிள்ளைகளை 'ஒஹாகிதா' (ஒஹாகாக்காரச் சின்னது என்ற ஏளனம்) என்று சீண்டுவதைத் தடுக்க 2012இல் பள்ளி நிர்வாகமே தீர்மானம் போட வேண்டியிருந்தது.

மிக்ஸ்டெகோ பேசுகிறவர் ஒருவரைப் பிடித்துவிட்டோம் என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஊருக்கு ஊர் மாறும் மொழி அது; மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் பேசினால் இந்தப் பக்கத்தவருக்குப் புரியாமல் போகலாம். எந்த நாடு என்று கேட்பதோடு விடாமல் எந்த ஊர் என்று கேளுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது

கூடாது. தன் தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று டீச்சர் சொல்வதை அம்மாவிடம் பத்து வயசுப் பெண் எப்படிச் சொல்வாள்? பாதியை முழுங்கிவிடுவாள்.

வேதனையை மேடையேற்றுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை ஒரு போர்டு நடத்தும் அமைப்பு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஒரு தொடக்கப் பள்ளியை மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க முடிவெடுத்தார்கள். புதுப் பள்ளிக்குப் போக ஆறு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். பெற்றோர் கேட்டது ஒன்றே ஒன்று: பஸ் விடுங்கள். போர்டு கூட்டத்தில் யார் பேசுவது என்று வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தமிழ்ப் பையன் ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். ராத்திரியில் ஆபீஸ் கட்டடங்களைச் சுத்தம் செய்பவர். கணவரை நாடு கடத்திவிட்டார்கள். அவருக்கும் இங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை. பேச்சை எழுதிக் கொடுத்ததே பையன்தான். முதல் வரியில் அவர் பெயர், இரண்டாவது வரியிலேயே எல்லை தாண்டிய கதை. பஸ் எங்கேயோ கடைசிப் பத்தியில் இருந்தது.

"எதுக்குப்பா இதெல்லாம்? கேக்கறது பஸ்தானே?" என்று பையனிடம் கேட்டேன்.

"கதை இருந்தாத்தான்க்கா போர்டு அசையும்."

அந்த அம்மா பேசினார், அழுதார். போர்டில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பஸ் பத்திக்கு வருவதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. உங்கள் தைரியத்துக்கு நன்றி என்று சொல்லிவிட்டுத் தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கூட்டத்தின் வீடியோ மாவட்டத்தின் இணையப் பக்கத்தில் ஏறியது. பெயர், முகம், பிள்ளை படிக்கும் பள்ளி, எனக்குக் காகிதம் இல்லை என்ற வாக்குமூலம், எல்லாம் ஒரே இடத்தில். யாரோ அந்தத் துண்டை வெட்டி ஃபேஸ்புக்கிலும் போட்டார்கள். வார இறுதியில் அந்த அம்மா எனக்குப் போன் செய்து, அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பொதுக்கூட்டப் பதிவு, எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அவர் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. பஸ் கேட்பதற்கு ஒருவருடைய குடியேற்ற நிலைக்கு என்ன வேலை? பிள்ளைகள் ஆறு வழிச் சாலையைக் கடக்கிறார்கள், வாதம் அவ்வளவுதான். அழுகையைக் கேட்ட போர்டுக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி கிடைத்துவிடுகிறது. கோரிக்கையைக் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயரும் முகமும் கொடுக்காமல் ஜெயிக்க முடியாது என்பவர்கள் டெக்சஸில் இருக்கும் டைலர் ஊர்க் கதையைத் தெரிந்துகொள்ளட்டும். காகிதமில்லாத பிள்ளைகளைச் சேர்க்க அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் போட்டது. 1977இல் நான்கு குடும்பங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. ஊர் விழித்து வேடிக்கை பார்க்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று நீதிபதி விசாரணையைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். அங்கேயே பிடித்து அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தது. வழக்குக் காகிதத்தில் அவர்கள் எல்லோருக்கும் 'டோ' என்றுதான் பெயர், அடையாளத்தை மறைக்க வைக்கும் பொதுப் பெயர் அது. 1982இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று நாடு முழுக்கக் காகிதமில்லாத பிள்ளைகள் அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருப்பது அந்த முகம் தெரியாத குடும்பங்களால்தான்.

தன் நிலையைத் தானே அறிவிக்க முடிவு செய்பவர்களும் உண்டு. 2010 மார்ச்சில் சிகாகோவில் இளைஞர்கள் பொதுவெளியில் நின்று, எங்களுக்குக் காகிதம் இல்லை, பயமும் இல்லை என்று அறிவித்தார்கள். அது அவர்களே கூடிப் பேசி, அவர்களே எடுத்த முடிவு. வாரக்கடைசி வாலண்டியர் எழுதிக் கொடுத்து வாசித்ததல்ல. பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய பழைய வழிகாட்டுதலையும் 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் விளையாடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வீட்டுக்கூட்டத்தில் கோரிக்கையை ஒற்றை வாக்கியமாக்குங்கள். கலிஃபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கச் சொல்லும் பிரவுன் சட்டம் 1953இலிருந்து இருக்கிறது (முன்னே சொன்ன பிரவுன் தீர்ப்பு வேறு). வழக்கமான போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்டியாக வேண்டும். நிரலில் இல்லாததைப் பற்றி அன்றைக்கு முடிவெடுக்க முடியாது. உங்கள் விஷயம் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் உட்காரப் பெயர் பதிய வேண்டிய கட்டாயம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுகிறவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத இடத்தில், மற்றவர்களுக்குத் தருவதைப் போல இரண்டு மடங்கு நேரமாவது தர வேண்டும். 2016இல் சேர்த்த விதி இது. தலைவருக்கே தெரியாமலிருக்கும். முன்கூட்டியே போர்டு செயலரிடம் சொல்லிவையுங்கள்.

அதே பஸ் விஷயத்துக்கு அடுத்த கூட்டத்தில் வேறொருவர் பேசினார், ஒரு பாட்டி. சொந்தக் கதை ஒரு வரிகூட இல்லை. காலை ஏழே முக்கால் மணிக்கு அந்தச் சந்திப்பில் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது, கையில் ஒரு பிள்ளை, தள்ளுவண்டியில் ஒரு பிள்ளையோடு ஒரு பெண் அதற்குள் எந்த வழித்தடம் வரைக்கும் போக முடிகிறது என்று பேரன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். சந்திப்பின் வரைபடம் ஒன்றைக் கொடுத்தார். உட்கார்ந்தார். பஸ் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவ ஆள் போட்டார்கள், சிக்னல் நேரத்தையும் கூட்டினார்கள்.

முகம் தெரியும் குரூப் போட்டோ

போடாதீர்கள். லிங்க்ட்இன்னில் நிச்சயமாகப் போடாதீர்கள்.

"நாங்கள் முறையாக வந்தோம்"

நேராகச் சொல்ல மாட்டார்கள். கிரீன் கார்டு வரிசையில் தாங்கள் படும் பாட்டைச் சொல்லி, எல்லோருக்கும் கஷ்டம்தான் என்று முடிப்பார்கள். எதிரில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் புரிந்துவிடும். நம் வரிசை நீளம் என்பது உண்மை. ஆனால் எச்-1பி வேலை விசா என்று ஒரு கதவாவது நமக்குத் திறந்திருந்தது. படிப்பும் பயிற்சியும் கேட்காத வேலைகளுக்குக் கிரீன் கார்டு உலகம் முழுவதற்கும் சேர்த்து, குடும்பத்தினரையும் கணக்கில் கொண்டு, ஆண்டுக்கு 10,000-க்கு மேல் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் மெக்சிகோவில் இருக்கும் தம்பிக்கு மனுப் போட்டால் இருபது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவரைப் பார்த்து வரிசையில் நில் என்று சொல்ல, அவருக்கென்று வரிசை எங்கே இருக்கிறது?

நாமே வக்கீலாவது

எச்-1பி படிவம் நிரப்பிய அனுபவம் இதற்கு உதவாது. சான்றிதழ் பெற்ற வக்கீலிடம் அனுப்புங்கள்.

லத்தீனோவா, லத்தினெக்ஸா, ஹிஸ்பானிக்கா

தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ, அப்படி.

மே மாதம் போய் நிற்பது

பள்ளி வருஷம் முடியும் நேரத்தில் நம்மவர்களுக்குச் சூடு பிடிக்கும். கலிஃபோர்னியாவில் 2013இலிருந்து ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைகள் கணக்கில் மாவட்டங்களுக்குக் கூடுதல் பணம் வருகிறது. அதை எப்படிச் செலவழிப்பது என்ற திட்டத்தை ஜூலை 1-க்குள் நிறைவேற்றியாக வேண்டும். மே மாதம் நீங்கள் போகும்போது வரைவு தயாராக இருக்கும், கருத்துக் கேட்பு என்ற பெயரில் ஸ்டிக்கி நோட் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். அந்தத் தாள்கள் அப்புறம் எங்கே போகின்றன என்று நான் விசாரித்திருக்கிறேன். பதில் சொல்ல ஆளில்லை.

அதனால் இலையுதிர் காலத்திலேயே ஆரம்பியுங்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேர் இருந்தால் அந்தப் பள்ளியில் பெற்றோர் ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும். மாவட்டத்தில் 51 பேர் இருந்தால் மாவட்ட அளவிலும். பல இடங்களில் இது பெயருக்கு இருக்கும், ஆள் இல்லாமல் கிடக்கும். வீட்டுக்கூட்டத்தில் வாய் திறக்கிற இரண்டு மூன்று அம்மாக்களை அதில் சேரச் சொல்லுங்கள். திட்டத்தின் மீது மாவட்டக் குழு கருத்துச் சொன்னால் கண்காணிப்பாளர் எழுத்துமூலம் பதில் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிப்ரவரியில் கருத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பதிலைக் கேட்டு விடாமல் நச்சரியுங்கள். வந்ததும் ஸ்பானிஷில், தேவைப்பட்டால் மிக்ஸ்டெகோவில் வாய்மொழியாக, கருத்துச் சொன்னவர்களின் வீட்டிலேயே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். இமெயிலில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பாதிப் பேர் இமெயிலே திறப்பதில்லை.