தோட்டத்துக் குளத்தின் அடிச்சேற்றை எடுத்த விதம்

எங்கள் தோட்டத்துக் குளத்தின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. குச்சியை விட்டால் குமிழ் கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். விழுந்த இலைகள் ஆக்சிஜன் இல்லாமல் அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது.

முதலில் வாரியை விட்டுக் கிளறினேன். பெரிய தவறு. கலங்கிய சேறு நீரிலிருந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. உடனே ஏர் பம்ப் ஓடவிட்டேன், பிழைத்தன. அந்தப் பதற்றம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் கிளறவே இல்லை. அகலமான ஹோஸில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் அடைத்துப் பிடித்து, ஒன்றைச் சேற்றின் மேலும் மற்றதைக் குளத்தைவிடத் தாழ்ந்த பாத்தியிலும் வைத்துத் திறந்தேன். சேறு தானாக இறங்கியது. ஹோஸை வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். ஒரு தடவைக்குக் கால்பங்கு நீருக்கு மேல் இறக்கவில்லை. 2 வார இடைவெளியில் 3 தடவை செய்தேன். குளத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேற்றை விட்டுவைத்தேன். புதிதாக விட்ட குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்தேன்.

எடுத்த சேறு செடிகளுக்கு உரமாயிற்று. இலை உதிரும் காலத்தில் இப்போது குளத்தின் மேல் வலை கட்டிவிடுகிறேன்.