கொய்யாவில் மாவுப்பூச்சியா? முதலில் எறும்பை நிறுத்துங்கள்

கிளை நுனியிலும் காய்க்காம்பிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. எதை அடித்தாலும் திரும்ப வருகிறதென்றால், மரத்தில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி வெளியிடும் இனிப்புக் கழிவுக்காக வரும் எறும்புகள், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டிவிடும்.

1. தண்டில் ஒன்றரை அடி உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்குப் பாலித்தீன் தாளை இறுக்கிச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது, பட்டை கெடும். சுவரையோ துணிக்கொடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். ஒரே ஒரு கிளை தொட்டாலும் எறும்புக்கு அது போதும். கிரீஸில் தூசி படிந்தால் புதிதாகத் தடவுங்கள்.

2. பூச்சி அப்பிய நுனிகளை வெட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். மரத்தடியில் போட்டால் குஞ்சுகள் ஊர்ந்து மேலே வந்துவிடும்.

3. மீதிப் பூச்சிமேல் ஹோஸ் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

4. இலை காய்ந்ததும், மாலை 4 மணிக்குமேல் வேப்பெண்ணெய் தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. காதி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதலில் கலக்கி, பால்போல் வெளுத்து வரும்வரை தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எண்ணெய் தனியே மிதந்தால் தெளிக்காதீர்கள். அது படும் இலை கருகும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள்.

பஞ்சுப்பைக்குள் இருக்கும் முட்டைகள் இதில் தப்பிவிடும். அதனால் 7 நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும்.

அதற்குமுன் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு சுறுசுறுப்பாக ஊரும் புழு தெரிந்தால், அது பொறிவண்டின் புழு. பார்க்க மாவுப்பூச்சி போலவே இருப்பதால் பலரும் இதை நசுக்கிவிடுகிறார்கள். இந்தப் புழு உள்ள கிளையில் எதையும் தெளிக்காதீர்கள். மிச்சத்தை அதுவே தின்று தீர்க்கும்.

இலையில் கரி பூசியதுபோல் படிந்திருப்பது, இனிப்புக் கழிவின்மேல் வளரும் பூஞ்சாணம். 50 கிராம் மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் வடிகட்டி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்த கஞ்சி உரியும்போது கருமையும் சேர்ந்து உதிரும். மேகமூட்டமான நாளில் கஞ்சி உரியாமல் இலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.