கொரிய ஊதுவத்தியை முதன்முறை ஏற்றுவோருக்கு

வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணிப் புகை கூடம் முழுவதும் சூழ்ந்தால்தான் திருப்தி அடையும் சேலத்து வீடுகளில், கொரிய ஊதுவத்தியை ஏற்றிய உடனே "வாசனையே வரவில்லையே" என்ற பேச்சுதான் எழும். அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்பதால்தான் அப்படித் தோன்றுகிறது.

நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஊதுவத்தி, மூங்கில் குச்சியின் மேல் கரித்தூளையும் ஜிகட் என்ற பசைப் பொடியையும் சேர்த்து உருட்டி, வாசனை எண்ணெயில் நனைத்து எடுக்கப்படுவது. கொரிய வத்திக்குப் பெரும்பாலும் நடுக்குச்சி கிடையாது. சந்தனம், அகில், ஜூனிபர் மரம், கிராம்பு, இலவங்கப்பட்டை முதலியவற்றைப் பொடித்து, பசைத்தன்மையுள்ள மரப்பட்டைத் தூளோடு பிசைந்து, இடியாப்பம் போலப் பிழிந்து உலர்த்துவார்கள். எனவே, வாழைப்பழத்தில் செருகும் நம் வழக்கம் இதற்கு ஒத்துவராது. ஒன்று, செருகும்போதே ஒடிந்துவிடும். இல்லையென்றால் பழத்தின் ஈரத்தில் அடிப்பகுதி நமுத்துப்போகும்.

வாயகன்ற பீங்கான் கிண்ணம் ஒன்றில் நன்கு வெந்து வெளுத்த உமிச் சாம்பலைச் சலித்து, மூன்று விரற்கடை உயரத்துக்கு அழுத்தாமல் நிரப்பி, அதில் வத்தியை நேராக நிறுத்துங்கள். ஈரமில்லாத நுண்மணலும் போதும், ஆனால் மணலுக்குள் புதைந்த பகுதி எரியாமல் நின்றுவிடும். பூஜை அறையின் திருநீற்றுக் கிண்ணத்தைப் பலரும் இதற்கு எடுக்கப் பார்ப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேச்சு வாங்காமலிருக்கத் தனிக் கிண்ணம் நல்லது.

எதை முதலில் வாங்குவது? நம் மூக்குக்குப் பழகிய சந்தனம் முதன்மையாக உள்ள வத்தியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஜூனிபரும் மூலிகையும் கலந்தவை நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தாற்போலக் கசப்பும் காரமுமாக இருக்கும்; அவற்றை அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். நல்ல அகில் எந்த நாட்டிலும் விலை உயர்ந்தது என்பதால், மலிவு விலையில் "அசல் அகில்" என்று விற்பதை நம்ப வேண்டாம். கொரியாவில் புத்தக் கோயில்களிலும் முன்னோருக்குச் செய்யும் வழிபாட்டிலும் நறும்புகை இடுவது நெடுங்கால வழக்கம். 1993இல் அங்குள்ள புயோ நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, பெக்ஜே என்ற பழங்கொரிய அரசின் காலத்து வெண்கலத் தூபக்கலத்தின் உயரம் சுமார் 62 செ.மீ.; அவ்வளவு பெரிய கலத்திலும், மலைகளாக வார்த்த மூடியின் சிறு துளைகள் வழியேதான் புகை கசிந்து வரும்.

ஏற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு சன்னலை மட்டும் சிறிது திறந்து வையுங்கள். முழு வத்தி வேண்டாம். பாதியாக ஒடித்தாலே முதல் நாளுக்குப் போதும். நுனியில் கனல் பிடித்ததும் சுடரைக் கையால் வீசி அணைக்க வேண்டும். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று நம் வீட்டில் சொல்வதைப் போலவே, கொரியக் கோயில்களிலும் வத்தியை வாயால் ஊதுவதில்லை. புகைக்கு மேல் மூக்கை நீட்டினால் கரிந்த நெடிதான் தெரியும் என்பதால், ஐந்தாறு அடி தள்ளி அமர்ந்து வேறு வேலையைப் பாருங்கள். வத்தி எரிந்து முடிந்து அரை மணி நேரம் கழித்து அறைக்குள் மீண்டும் நுழையும்போது எஞ்சியிருக்கும் மணத்தை வைத்தே அது பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்யலாம். அன்று சாம்பிராணி, கற்பூரம், தாளிப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள், காப்பித் தோட்டங்கள் பூத்து மணக்கும் நாள்களில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடலாம். புகை குறைவு என்றாலும் புகை புகைதான். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் ஏற்ற வேண்டாம்.

மீதியை இறுக மூடும் டப்பாவில் வைத்து, கற்பூரமும் மசாலாப் பொடிகளும் இருக்கும் அலமாரியிலிருந்து விலக்கி வையுங்கள். அவற்றின் வாசனையை வத்தி எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் ஏற்காட்டு மழைக்காலத்தில் வத்தி நமுத்துப் பாதியில் அணைந்தால் வெயிலில் போடாதீர்கள், மணம் போய்விடும். காகிதத்தில் பரப்பி, ஈரமில்லாத அறையின் நிழலில் உலரவிட்டாலே போதும்.