பி.எச். கணக்கில் நீரின் பங்கை விட்டுவிடாதீர்கள்

10⁻⁸ மோலார் (லிட்டருக்கு 10⁻⁸ மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச்., அதாவது ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் காட்டும் அளவு, என்ன? தேர்வில் பலர் யோசிக்காமல், 10⁻⁸-இன் அடுக்கைப் பார்த்து 8 என்று எழுதிவிடுகிறார்கள். 7 நடுநிலை, 8 என்றால் காரம். எவ்வளவு நீர் ஊற்றி நீர்த்தாலும் அமிலம் காரமாகாது. அதனால் அப்படியொரு விடை வந்ததுமே பேனாவை நிறுத்துங்கள்.

விடுபட்டது நீரின் பங்கு. 25 டிகிரி செல்சியஸில் தூய நீர் தானாகவே அயனியாகி 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. இந்த அமிலம் தருவதைவிட இது 10 மடங்கு! ஆனால் இரண்டையும் நேரடியாகக் கூட்டிவிடவும் கூடாது. அமிலம் சேர்ந்ததும் நீரின் அயனியாதல் சற்றுக் குறையும். நீர் தரும் ஹைட்ரஜன் அயனிச் செறிவை ‘அ’ என்று வைத்துக்கொள்ளுங்கள்; நீர் அதே அளவு ஹைட்ராக்சைடு அயனிகளையும் தரும். 25 டிகிரியில் இந்த இரு அயனிகளின் மொத்தச் செறிவுகளைப் பெருக்கினால் எப்போதும் 10⁻¹⁴:

அ × (அ + 10⁻⁸) = 10⁻¹⁴

தீர்த்தால் அ = 9.5 × 10⁻⁸. மொத்த ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.05 × 10⁻⁷, பி.எச். 6.98. மிக லேசான அமிலம், நியாயமான விடை.

அமிலச் செறிவு 10⁻⁶ மோலாருக்கு மேல் இருந்தால் இந்தச் சிரமம் தேவையில்லை. நீரின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொன்று: நடுநிலை 7 என்பது 25 டிகிரிக்கு மட்டுமே. 60 டிகிரியில் தூய நீரின் பி.எச். ஏறக்குறைய 6.5, அப்போதும் அது நடுநிலைதான்.